வயலின் புளிப்பு: வைக்கோலும் சேதன அமிலங்களும் மண் பரிசோதனையும்

முகவுரை

அறுவடை முடிந்தபின் வயலிலே எஞ்சும் வைக்கோலை என்ன செய்வது என்பது கமக்காரர் ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் தீர்மானிக்க வேண்டிய காரியமாகும். இரணைமடுக் குளத்தின் கீழாயினும், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் ஆகியவற்றின் கீழாயினும், மானாவாரி நிலமாயினும், வைக்கோலுக்குத் தீயிடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. காரணம் கேட்டால், "வைக்கோலை உழுது புதைத்தால் பயிர் மஞ்சளிக்கிறது, எரித்துவிட்டால் அத்தொல்லை இல்லை" என்று விடை வரும்.

இவ்விடையை அறியாமை என்று தள்ளிவிடல் ஆகாது. புது வைக்கோலைப் புதைத்து, உடனே நீர் கட்டி, உடனே விதைத்தால் இளம்பயிர் மஞ்சளிப்பது உண்மையே. ஆனால் அது வைக்கோலின் குற்றமன்று, காலத்தின் குற்றமாகும். அதன் காரணத்தை அறிந்தவர் வைக்கோலையும் இழக்கமாட்டார், பயிரையும் இழக்கமாட்டார்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை கைவிடப்பட்டதாயினும், அதனைத் தொடர்ந்த காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. சேதனப் பசளையைத் திடீரெனக் கட்டளையால் உண்டாக்க முடியாது என்பதையும், அதனை ஆண்டுதோறும் மண்ணிற் சேர்த்து வைத்திருப்பவரே இடர் வந்த காலத்தில் ஓரளவேனும் தாங்குவர் என்பதையும் அக்காலம் உணர்த்திற்று. ஆதலால் இங்கு கூறப்படும் விடயங்களைக் கமக்காரர் ஊன்றிக் கவனித்தல் நன்று.

1. சேதன அமிலம் என்பது யாது?

புளியம்பழம், தேசிக்காய், தயிர், வினாகிரி ஆகிய நான்கும் புளிப்பன. புளியில் தாத்தாரிக்கமிலமும், தேசிக்காயிற் சித்திரிக்கமிலமும், தயிரில் இலற்றிக்கமிலமும், வினாகிரியில் அசற்றிக்கமிலமும் உள. எறும்பு கடித்த இடத்தில் எரிவை உண்டாக்கும் போமிக்கமிலமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவையனைத்திற்கும் பொதுவான ஓர் உறுப்பு உண்டு. ஒரு காபன் அணுவும், இரண்டு ஒட்சிசன் அணுக்களும், ஓர் ஐதரசன் அணுவும் சேர்ந்த அவ்வுறுப்பைக் காபொட்சிற் கூட்டம் என்பர். அக்கூட்டத்தை உடைய அமிலங்களே காபொட்சிலிக்கமிலங்கள் எனப்படுவன.

நீரிற் கரைந்தவுடன் இவ்வமிலத்தின் ஐதரசன் விடுபடலாம். அவ்வாறு விடுபட்டபின் எஞ்சும் பகுதி மறையேற்றம் பெற்று அயன் ஆகின்றது. அசற்றிக்கமிலத்தின் அயனுக்கு அசற்றேற்று அயன் என்று பெயர். ஆனால் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேளையில் ஐதரசனை விடுவதில்லை. சாதாரண வினாகிரியில் ஏறக்குறைய 200 மூலக்கூறுகளுள் ஒன்றே அயனாக இருக்கும். ஏனையவை முழு அமிலமாகவே இருக்கும். எனவேதான் வினாகிரியை உணவிற் சேர்க்கின்றோம். பற்றரியில் உள்ள சல்பூரிக்கமிலமோ தோலைப் பொசுக்குகின்றது. ஐதரசனை எளிதில் விடாத அமிலம் மென்னமிலம் எனப்படும்.

முழு அமிலம், அயன் என்னும் இவ்விரண்டு நிலைகளின் வேறுபாட்டை மனத்திற் கொள்க. வயலில் நன்மையும் தீமையும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

2. நீருக்குக் கீழ் நடப்பது

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலை உணவாகக் கொள்கின்றன. காற்றோட்டம் உள்ள ஈரமண்ணில் அவை ஒட்சிசனைப் பயன்படுத்தி வைக்கோலின் காபனைப் பெரும்பாலும் காபனீரொட்சைட்டாக மாற்றிவிடும். வயலில் நீர் கட்டியதும், மண்ணில் அகப்பட்ட ஒட்சிசன் ஏறக்குறைய ஒரு நாளிலேயே தீர்ந்துவிடுகின்றது. அதன் பின்னர் ஒட்சிசன் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றால் வைக்கோலை முற்றாக எரிக்க முடியாது. ஆதலால் பாதிவழியில் அசற்றிக்கமிலம், புரொப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் முதலியன மண்ணிலே தங்குகின்றன. நீர் தேங்கிய எருக்குழியைக் கிளறும்போது எழும் புளித்த நெடி இவற்றினுடையதே.

ஒன்றை ஒட்சியேற்ற வேண்டுமாயின் அதிலிருந்து இலத்திரன்களை ஏற்றுக்கொள்ள வேறொன்று வேண்டும். அவ்வாறு ஏற்றுக்கொள்வது தாழ்த்தப்படுகின்றது. ஒட்சிசன் தீர்ந்த மண்ணில் முதலில் நைத்திரேற்றும், பின்னர் மங்கனீசும், பின்னர் இரும்பும், அதற்குப் பின் சல்பேற்றும் இத்தொழிலை முறையே செய்கின்றன. செந்நிறமான பெரிக்கு இரும்பு, நீரிற் கரையும் பெரசு இரும்பாக மாறுகின்றது. செம்மண் வயலும் உழுது நீர் கட்டிய சில நாட்களிற் சாம்பல் நிறம் கொள்வதற்குக் காரணம் இதுவேயாகும். சல்பேற்றுத் தாழ்த்தப்பட்டால் அழுகிய முட்டையின் நாற்றம் உண்டாகும். நீர் நின்ற மண்ணின் இவ்விரசாயனத்தைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய இலங்கையரான எவ். என். பொன்னம்பெரும விரிவாக ஆராய்ந்து, 1972ஆம் ஆண்டிற் கட்டுரையாக வெளியிட்டார். உலகெங்கும் நெல் விளையும் நாடுகளில் அக்கட்டுரை இன்றும் படிக்கப்படுகின்றது.

மேற்கூறிய அமிலங்கள் மண்ணில் என்றும் நிலைப்பன அல்ல. நீர் கட்டிய முதல் இரண்டு வாரங்களிற் பெருகி, உச்சத்தை அடைந்து, பின்னர் மெதேன், காபனீரொட்சைட்டு ஆகிய வாயுக்களாக மாறிக் குறைந்துவிடும். எங்கள் பகுதியைப் போன்ற வெப்பமான நிலத்தில் இம்மாற்றம் விரைவாக நடைபெறும். உச்சமான அந்நாட்களிலேயே விதை முளைத்து வேர்விடுமாயின் இளவேர் கருகும். அந்நாட்கள் கழிந்தபின் விதைத்தால் தீங்கு பெரும்பாலும் இல்லை.

3. மண்ணின் பீ.எச். பெறுமானமும் வேரும்

முழு அமிலமாக உள்ள மூலக்கூறு ஏற்றமற்றது. ஆதலால் வேரின் மென்தோலைக் கடந்து எளிதில் உட்புகும். அயனாக உள்ளது அவ்வாறு எளிதிற் புகாது. எது எவ்வளவு இருக்கும் என்பதை மண்ணின் பீ.எச். பெறுமானம் தீர்மானிக்கின்றது. பீ.எச். 4.76 ஆயின் அசற்றிக்கமிலத்திற் சரிபாதி முழு அமிலமாகவும் சரிபாதி அயனாகவும் இருக்கும். 5.76 ஆயின் 11 பங்கில் ஒரு பங்கே முழு அமிலம். 6.76 ஆயின் 100இல் ஒன்றே. எனவே, ஒரே அளவு வைக்கோலைப் புதைத்த இரு வயல்களுள் புளிப்பு மிகுந்த மண்ணை உடைய வயலே கூடிய தீங்கை அடையும்.

நீர் நின்ற மண்ணில் பெரிக்கு இரும்பு தாழ்த்தப்படும்போது ஐதரசன் அயன்கள் செலவாகின்றன. ஆதலால் புளிப்பு மண்ணின் பீ.எச். பெறுமானம் சில வாரங்களில் ஏறக்குறைய 6.5 முதல் 7 வரை உயர்கின்றது. ஆகவே, பொறுத்திருப்பவருக்கு இரண்டு நன்மைகள்: அமிலத்தின் அளவும் குறைகின்றது, எஞ்சிய அமிலமும் தீங்கு குறைந்த அயனாக மாறுகின்றது.

4. வைக்கோலை ஏன் காக்க வேண்டும்?

இரண்டு தொன் நெல் விளைந்த ஏக்கரில் வைக்கோலும் ஏறக்குறைய இரண்டு தொன் கிடைக்கும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியமும் அடங்கியுள்ளன. அப்பொற்றாசியம் மாத்திரமே ஏறக்குறைய அரை மூடை மியூரியேற்றுப் பொட்டாசுக்குச் சமமாகும். தீயிட்டால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பொற்றாசியம் சாம்பலிற் பெரும்பாலும் எஞ்சுமாயினும், குவித்து எரித்த இடத்திலேயே தங்கிவிடுவதால் வயல் முழுவதற்கும் பயன்படாது.

இதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. மட்கிய சேதனப் பொருளிலும் காபொட்சிற் கூட்டங்கள் நிறைய உள. அவை மண்ணில் ஐதரசனை விட்டு மறையேற்றம் பெறுகின்றன. அம்மறையேற்றம் நேரேற்றம் உடைய பொற்றாசியம், கல்சியம், அமோனியம் ஆகிய அயன்களைப் பிடித்து வைத்து, வேர் கேட்கும்போது கொடுக்கின்றது. இளவேரைக் கருக்கிய அதே கூட்டம், மட்கிய பின்னர் பயிரின் களஞ்சியமாகின்றது என்க. மணற்பாங்கான நிலங்களில் இக்களஞ்சியம் இல்லாவிடின், இட்ட யூரியாவும் பொட்டாசும் காலபோகத்துப் பெருமழையோடு கீழிறங்கி வீணாகும்.

5. நெல் வயலிற் செய்ய வேண்டியவை

(அ) அறுவடை இயந்திரம் வரிசையாக விட்டுச் செல்லும் வைக்கோலை வயல் முழுவதும் சமமாகப் பரப்புதல் வேண்டும். குவியல் கிடந்த இடத்திலேயே பயிர் திட்டுத் திட்டாக மஞ்சளிக்கும்.

(ஆ) மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஆழமின்றி ஒருமுறை உழுது, நீர் கட்டாமல் இரண்டு அல்லது மூன்று வாரம் விடுக. காற்றோட்டத்தில் மட்குவதால் அமிலம் மிகக் குறைவாகவே உண்டாகும். இதற்கு மேலதிகச் செலவு இல்லை. முதலுழவை முற்படுத்துவதே வேண்டியது.

(இ) அதற்கு வாய்ப்பில்லையாயின், நீர் கட்டிச் சேறாக்கியபின் குறைந்தது இரண்டு வாரம் பொறுத்து விதைத்தல் அல்லது நடுதல் வேண்டும். விதைப்பதற்கு முன்னர் ஒருமுறை நீரை வடித்துவிடுதல் நன்று. சிறுபோகத்தில் நீர் அளந்து விடப்படுவதால் வடித்த நீரை மீளப் பெறுதல் அரிது. ஆதலால் அப்போகத்துக்கு மேலே (ஆ)வில் கூறிய முறையே சிறந்தது.

(ஈ) சேற்று விதைப்பிற் பலகையடித்து வயலை நன்கு மட்டப்படுத்துக. பள்ளங்களிலே நீர் தேங்கினால் அமிலமும் அங்கேயே தேங்கி முளையைக் கெடுக்கும்.

(உ) புழுதி விதைப்பிற்கு, காய்ந்த மண்ணில் மிகுதியான புது வைக்கோலைப் புதைத்தல் ஆகாது. காய்ந்த மண்ணில் அது மட்காமற் கிடந்து, மழை பெய்து நீர் நிற்கும்போதே அழுகத் தொடங்கும். அவ்வேளையிற் பயிர் இளம் பருவத்தில் இருக்கும். இவ்வாறான நிலங்களுக்கு வைக்கோலைக் கூட்டெருவாக்கி இடுதலே தகும்.

(ஊ) சணல், கிளிசரியா முதலிய பசுந்தாட்பசளைகள் வைக்கோலினும் விரைவாக அழுகுவன. அவற்றிற்கும் புதைத்தலுக்கும் விதைத்தலுக்கும் இடையில் அவகாசம் கொடுத்தல் அவசியம்.

பயிர் மஞ்சளித்துவிட்டால், யூரியா எடுக்க ஓடுவதற்கு முன்னர் இரண்டு செடிகளைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் வெண்மையாக இருந்து முதிர்ந்த இலைகள் மட்டும் மஞ்சளித்திருப்பின், வைக்கோலை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நைதரசனைத் தற்காலிகமாகக் கவர்ந்துள்ளன என்று கொள்ளலாம். சிபாரிசு செய்யப்பட்ட நைதரசன் பசளை அதற்குப் பரிகாரமாகும். வேர் குறுகிக் கபில நிறமாகவோ கருமையாகவோ இருப்பின், நீரை வடித்து, மண்ணின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் தோன்றும் வரை காற்றாட விடுக. புது வெண்வேர் தோன்றிய பின்னரே பசளை இடப்படல் வேண்டும். நோயுற்ற வேருக்கு இடும் யூரியா பணத்தைச் சேற்றிற் போடுவதை ஒக்கும்.

6. மரக்கறித் தோட்டமும் கூட்டெருவும்

மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றின் நாற்றுமேடைக்கு முதிராத கூட்டெருவை இடுவதால் முளைப்புக் கெடுவதுண்டு. குவியல் அளவுக்கு மிஞ்சி நனைந்து, காற்றின்றி இறுகினால், நெல் வயலில் உண்டாகும் அதே அமிலங்கள் அங்கும் உண்டாகின்றன. குவியலின் உட்பகுதியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். கை ஈரமாகி ஒன்றிரண்டு துளி மாத்திரம் கசிந்தால் ஈரம் அளவானது. நீர் ஒழுகினால் குவியலைப் புரட்டிக் காய்ந்த இலையோ வைக்கோலோ சேர்த்தல் வேண்டும்.

கூட்டெரு முதிர்ந்ததா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சிரட்டையிற் கூட்டெருவும் மற்றொரு சிரட்டையிற் கழுவிய மணலும் இட்டு, ஒவ்வொன்றிலும் 10 பயறு விதைத்து ஒரே அளவு நீர் தெளித்து வருக. ஒரு வாரத்தில் இரண்டிலும் முளைப்பும் வேரின் நீளமும் ஒத்திருந்தால் கூட்டெரு முதிர்ந்தது. கூட்டெருவில் இட்ட பயறு பின்தங்கினால், குவியலை மீண்டும் புரட்டி இன்னும் சில வாரம் விடுதல் வேண்டும். முதிர்ந்த கூட்டெருவிற் புளித்த நெடி இராது; மழை பெய்த மண்ணின் மணமே இருக்கும்.

7. மட்கும் எசுத்தரும் மட்காத எசுத்தரும்

காபொட்சிலிக்கமிலம் ஒன்று மதுசாரம் ஒன்றுடன் சேர்ந்து, நீரை வெளியேற்றி உண்டாக்கும் பொருள் எசுத்தர் எனப்படும். பழுத்த பழங்களின் மணத்திற்கு எசுத்தர்களே பெரிதும் காரணம். இவ்விணைப்பு நீண்ட சங்கிலியாகத் தொடர்ந்தால் அது பொலியெசுத்தர் ஆகின்றது. கத்தரிக்காயின் பளபளப்பான தோலிலும் இலைகளின் மேற்றோலிலும் உள்ள கியூற்றின் என்பது இயற்கையான பொலியெசுத்தரே. அது நீர் ஆவியாவதைத் தடுத்து, நோய்ப் பூஞ்சணங்களுக்கு முதல் வேலியாகவும் நிற்கின்றது. சில பூஞ்சணங்கள் அவ்வேலியின் எசுத்தர் இணைப்பை அறுக்கும் நொதியத்தைச் சுரந்து உட்புகுகின்றன. அறுவடையின்போது தோலிற் கீறல் விழுந்த காய் விரைவில் அழுகுவதற்குக் காரணம், வேலி திறந்துவிட்டதேயாகும்.

தண்ணீர்ப் போத்தல்களும், பொலியெசுத்தர்ச் சீலைகளும் தெரப்தலிக்கமிலமும் எதிலீன் கிளைக்கோலும் சேர்ந்த செயற்கைப் பொலியெசுத்தரால் ஆனவை. இதனை 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் ஆகிய இருவர் உருவாக்கினர். இலையின் எசுத்தரை மண்ணின் நுண்ணுயிர்கள் அறுத்துவிடும். இச்செயற்கை எசுத்தரையோ சாதாரண மண்ணில் எளிதில் அறுக்கமாட்டா. ஆகவே பழஞ்சீலைத் துண்டுகளையும் போத்தல்களையும் கூட்டெருக் குவியலிற் சேர்க்கலாகாது.

8. மண்ணின் சேதனப் பொருள் அளக்கப்படும் முறை

அளவு தெரியாத ஒரு கரைசலுக்கு, வலிமை தெரிந்த மற்றொரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, நிறம் மாறும் இடத்திலே நிறுத்தி, செலவான கனவளவிலிருந்து கணக்கிடும் முறை நியமிப்பு எனப்படும். வினாகிரியின் அமிலத்தை எரிசோடாக் கரைசலால் நியமிக்கலாம். பரந்தனில் முன்னர் இயங்கிய இரசாயனத் தொழிற்சாலை உப்பிலிருந்து ஆக்கியதும் இவ்வெரிசோடாவையே.

மண்ணின் காபனை அளப்பதற்கு வோக்லி, பிளாக் ஆகியோர் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒட்சியேற்ற நியமிப்பு முறை இன்றும் பல ஆய்வுகூடங்களிற் கையாளப்படுகின்றது. உலர்த்திச் சலித்த ஒரு கிராம் மண்ணுடன் செம்மஞ்சள் நிறமான பொற்றாசியமிருகுரோமேற்றுக் கரைசலும் செறிந்த சல்பூரிக்கமிலமும் சேர்க்கப்படும். இருகுரோமேற்று மண்ணின் காபனை ஒட்சியேற்றித் தான் தாழ்த்தப்பட்டுப் பச்சை நிறம் அடையும். அரை மணித்தியாலத்தின் பின், எஞ்சிய இருகுரோமேற்றைப் பெரசு இரும்புக் கரைசலால் நியமித்து அளப்பர். வயலில் வைக்கோலைப் பெரிக்கு இரும்பு ஒட்சியேற்றிய செயலும், குடுவையிற் காபனை இருகுரோமேற்று ஒட்சியேற்றும் செயலும் ஒரே வகையினவே.

ஓர் உதாரணம் காண்க. மண் சேர்க்காத வெற்றுச் சோதனைக்கு 0.5 நேர் வலிமையுள்ள இரும்புக் கரைசல் 20 மில்லிலீற்றரும், மண் சேர்த்த சோதனைக்கு 17 மில்லிலீற்றரும் செலவாயின எனக் கொள்வோம். வேறுபாடு 3 மில்லிலீற்றர். இதனை 0.5ஆற் பெருக்க 1.5. இதனை 0.003ஆற் பெருக்கக் காபன் 0.0045 கிராம். இம்முறையிற் காபனின் 77 சதவீதமே ஒட்சியேறும் எனக் கொள்ளப்படுவதால், 0.77ஆற் பிரிக்க 0.0058 கிராம், அதாவது 0.58 சதவீதம். இதனை 1.72ஆற் பெருக்கச் சேதனப் பொருள் ஏறக்குறைய 1 சதவீதம் ஆகும்.

ஓர் ஏக்கரின் மேல்மண் 15 சதமமீற்றர் ஆழத்திற்கு ஏறக்குறைய 850 தொன் நிறை உடையது. அதில் 1 சதவீதம் எட்டரைத் தொன். ஒரு போகத்தின் இரண்டு தொன் வைக்கோலிற் பெரும்பகுதி வாயுவாகப் போய்விடும். சிறுபகுதியே மண்ணில் நிலைக்கும். ஆகவே ஒரு முறை வைக்கோல் புதைத்துவிட்டு மண் வளமாகிவிட்டதா என்று பார்ப்பதாற் பயனில்லை. போகந்தோறும் இட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து பார்த்தலே முறையாகும்.

எச்சரிக்கை: இருகுரோமேற்று புற்றுநோயை உண்டாக்கவல்ல நஞ்சு. செறிந்த சல்பூரிக்கமிலம் கண்ணையும் தோலையும் அழிக்கும். இச்சோதனையை ஆய்வுகூடத்திற்கு வெளியே எவரும் செய்தலாகாது.

9. மண் மாதிரி எடுத்தல்

வயலில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில், 15 சதமமீற்றர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோகிராம் அளவு பிரித்தெடுக்க. வரம்போரம், எருக் குவித்த இடம், வைக்கோல் எரித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். பசளை இருந்த பையிற் கட்டலாகாது.

இரு விடயங்களைச் சிறப்பாகக் கவனிக்க. முதலாவது, சேற்று மண்ணை அப்படியே அனுப்பினால் அதிலுள்ள பெரசு இரும்பும் இருகுரோமேற்றைச் செலவாக்கிக் காபனைக் கூடுதலாகக் காட்டும். ஆகவே மண்ணை நிழலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். இரண்டாவது, கடலை அண்டிய உவர் நிலங்களின் குளோரைட்டும் இருகுரோமேற்றைச் செலவாக்கும். அவ்வாறான நிலத்து மண்ணாயின் "உவர் நிலம்" என்று சீட்டில் எழுதுக. ஆய்வுகூடத்தார் வெள்ளிச் சல்பேற்றுச் சேர்த்து அப்பிழையைக் குறைப்பர். எழுதாவிடின், வளமற்ற மண் வளமானதாகத் தோன்றிக் கமக்காரரை ஏமாற்றிவிடும்.

சுருக்கம்

1. வைக்கோலை எரியாதீர், சமமாகப் பரப்புக.
2. ஈரம் இருக்கும்போதே உழுது, நீர் கட்டாமல் இரண்டு அல்லது மூன்று வாரம் விடுக.
3. நீர் கட்டிய வயலாயின் இரண்டு வாரத்திற்குக் குறையாமற் பொறுத்து விதைக்க.
4. பயிர் மஞ்சளித்தால் முதலில் வேரைப் பார்க்க. பின்னர் பசளையைப் பற்றி யோசிக்க.
5. கூட்டெருவை நாற்றுமேடைக்கு இடுமுன் பயறு முளைக்கவிட்டுச் சோதிக்க.
6. மண்ணை உலர்த்திப் பரிசோதனைக்கு அனுப்புக. உவர் நிலமாயின் அதனைக் குறிப்பிடுக.

கூடிய விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிக.